அசைன்மென்ட்டும் ஏஐயும்: கேட்டால் பதில் சொல்லும்படி எழுதுவது எப்படி?

சென்ற ஆண்டு தமிழ்த்துறை நண்பர் ஒருவர் ஓர் அசைன்மென்ட்டை என் மேசையில் போட்டுவிட்டுச் சிரித்தார். அழகான கையெழுத்து, நீல மை, அடிக்கோடுகூட அளவுகோல் வைத்துப் போட்டது. பாலைத் திணைக்கு எடுத்துக்காட்டாக நான்கு அடியில் ஒரு பாடல். கீழே ‘குறுந்தொகை 417’ என்று எண். குறுந்தொகையில் கடவுள் வாழ்த்தை நீக்கினால் 401 பாடல்கள்தான். நண்பருக்கு நூலைத் திறக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பாட்டு என்னவோ சங்கப் பாட்டைப் போலத்தான் ஒலித்தது. தோழி இருந்தாள், வேனில் இருந்தது, பிரிவு இருந்தது. பாடிய புலவர் மட்டும் பிறக்கவே இல்லை.

எழுதிய மாணவி ஏமாற்ற நினைத்தவள் அல்ல. “அது கொடுத்தது சார், நான் எழுதினேன்” என்றாளாம். வில்லங்கம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

கல்லூரிப் படிப்புக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா கூடாதா என்ற பட்டிமன்றம், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த நாளிலிருந்து நடக்கிறது. மாணவர்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. ஆகவே நானும் அந்த மேடையில் ஏறப்போவதில்லை. இளங்கலை வரலாறு சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: தாளின் மேலே உங்கள் பதிவெண் இருக்கிறது, உள்ளே எந்த வரியில் விரலை வைத்து “இது உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாலும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

இது எப்படி நடக்கும் என்பதை ஓர் உண்மையான தலைப்பை வைத்தே பார்ப்போம். ‘குடிமராமத்து: அன்றும் இன்றும்’. குடிமராமத்து என்பது ஊரார் உழைத்து ஏரி, குளம், வாய்க்கால்களைப் பராமரித்த பழைய முறை. ஐந்து பக்கம், அக மதிப்பெண்ணில் சேரும், பத்து நாள் அவகாசம்.

படி 1: ஆசிரியரிடம் கேளுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. ஒரே கல்லூரியில் ஒரே செமஸ்டரில் ஒரு தாளுக்கு ஏஐ கூடாது, இன்னொன்றுக்குக் கூடும், மூன்றாவதுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘யாரும் சொல்லவில்லை’ என்பதை ‘அனுமதி’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

“ஏஐ பயன்படுத்தலாமா சார்?” என்று மொட்டையாகக் கேட்டால் “கூடாது” என்ற பதில்தான் வரும்; நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். வேலையைப் பிரித்துக் கேளுங்கள். தலைப்பைப் புரிந்துகொள்ளக் கேட்கலாமா? ஆங்கிலக் கட்டுரையின் சுருக்கத்தைத் தமிழில் பெறலாமா? நான் எழுதியதில் பிழை திருத்த விடலாமா? பத்தியை எழுதித் தரச் சொல்லலாமா? முதல் மூன்றுக்குச் சரி, நான்காவதுக்கு இல்லை என்று சொல்லும் ஆசிரியர்கள் நிறையப் பேர். பதிலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கூடாது என்றால் கூடாதுதான். முதலாம் ஆண்டு நிரல் எழுதும் பயிற்சியிலும் மொழிப்பாடக் கட்டுரையிலும் ஆசிரியருக்கு வேண்டியது விடை அல்ல. அதற்கு நீங்கள் படும் பாடு. கபடி பயிற்சிக்குப் பதிலாள் அனுப்ப முடியாது அல்லவா?

படி 2: கருவியைத் திறக்கும் முன் அரைப் பக்கம்

ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, தலைப்பைப் பற்றி உங்களுக்கு ஏற்கனவே தெரிந்ததை எழுதுங்கள். தப்பும் தவறுமாக இருக்கட்டும். இருபது நிமிடம் போதும்.

குடிமராமத்துக்கு என் மாணவன் ஒருவன் எழுதிய அரைப் பக்கம் இப்படி இருந்தது: ‘எங்கள் ஊரில் ஏரி இருக்கிறது. தாத்தா காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் போய்க் கரையில் மண் போடுவார்களாம். மடை திறக்க நீர்க்கட்டி என்று ஒருவர் உண்டு; அறுப்பு முடிந்தால் அவருக்கு நெல். இப்போது அந்த ஆள் இல்லை. ஏன் நின்றுபோனது? போகாதவர்களை என்ன செய்தார்கள்?’

கடைசி இரண்டு கேள்விகளைப் பாருங்கள். கருவியை முதலில் திறந்திருந்தால் அவை பிறந்திருக்காது. ‘குடிமராமத்து பற்றி ஐந்து பக்கக் கட்டுரை’ என்று கேட்டவர்களுக்கெல்லாம் ‘கிராம மக்கள் ஒற்றுமையுடன் தாமாக முன்வந்து நீர்நிலைகளைப் பாதுகாத்தனர்’ என்ற ஒரே பாட்டு ஐம்பது தாளில் வந்து சேர்ந்தது. நீர்க்கட்டி ஐம்பதில் ஒன்றில்கூட இல்லை. ஊருக்கு ஊர் அவருக்கு வேறு பெயர். மடைக்குடும்பன் என்பார்கள் சில இடங்களில். இந்தச் சொற்கள் உங்கள் தாத்தாவிடம் இருக்கின்றன. கருவியைவிட அவருக்கு வயது அதிகம், கேட்கவும் காசில்லை.

அந்த அரைப் பக்கத்தைத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு நாள் உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான்.

படி 3: விடை கேட்காதீர்கள், கேள்வி கேட்கச் சொல்லுங்கள்

இப்போது கருவியைத் திறக்கலாம். சாட்ஜிபிடியோ ஜெமினியோ கிளாடோ, எதுவானாலும் கேட்கும் விதம்தான் முக்கியம். ‘எழுதிக் கொடு’ என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் மாதிரிகள்:

“இது என் அரைப் பக்கக் குறிப்பு. இதைப் படித்துவிட்டு, ஒரு கண்டிப்பான வரலாற்று ஆசிரியர் கேட்கக்கூடிய ஐந்து கேள்விகளை மட்டும் கேள். விடை சொல்லாதே.”

“குடிமராமத்து தன்னார்வமான கூட்டு உழைப்பு என்று நான் நினைக்கிறேன். இதை மறுப்பவர்கள் என்ன சொல்வார்கள்? எந்த வகை ஆவணங்களைத் தேட வேண்டும்?”

“ரயத்துவாரி முறை என்றால் என்ன என்று நான் புரிந்துகொண்டதை எழுதியிருக்கிறேன். எங்கே தவறு?”

(ரயத்துவாரி என்பது ஆங்கிலேயர் ஆட்சியில் உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கிய முறை.) மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நீங்கள் சொல்லிப் பார்க்கிறீர்கள், அது திருத்துகிறது. வகுப்பில் கையைத் தூக்கக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம். அறுபது பேர் வகுப்பில் ஒவ்வொருவரையும் நான் உட்கார வைத்துக் கேட்க முடியாது என்பதும் உண்மை.

தமிழில் கேட்டால் சில நேரம் பதில் தளர்வாக வரும். இந்தக் கருவிகள் பயின்ற எழுத்தில் ஆங்கிலம் மலையளவு, தமிழ் அதில் சிறு பங்கு. தமிழ்நாட்டுச் செய்திகளில் ஊர்ப்பெயர், அரசர் பெயர், ஆண்டு எல்லாம் கலங்கிப்போவதற்கு அது ஒரு காரணம். அதே கேள்வியை ஆங்கிலத்திலும் கேட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். முரண்பட்டால் அங்கேதான் நீங்கள் நூலகம் போக வேண்டும்.

படி 4: சரிபார்த்தல்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்க முடியாது என்றால் மற்ற படிகளை விட்டுவிடலாம்.

இந்தக் கருவிகள் பொய் சொல்கின்றன என்பார்கள். பொய் சொல்ல உண்மை தெரிந்திருக்க வேண்டும். அவை செய்வது, முன்னால் வந்த சொற்களுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து அடுக்கிக்கொண்டே போவது. பாலைத் திணை, குறுந்தொகை, எடுத்துக்காட்டு என்று நீங்கள் கேட்டால், அந்த இடத்தில் ஒரு பாடலும் ஓர் எண்ணும் வர வேண்டும் என்பது அதற்குத் ‘தெரியும்’. வந்துவிடும். இணையத்தில் தேடிப் பதில் சொல்லும் வசதி வந்த பிறகு இது குறைந்திருக்கிறது; ஒழியவில்லை.

2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். அந்த வழக்குகள் நடக்கவே இல்லை. இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு: அவர்களில் ஒருவர் சரிபார்த்திருந்தார். எப்படி? “இது உண்மையான வழக்குதானா?” என்று அதே கருவியிடம் கேட்டு. அது ஆமாம் என்றது. திருடனையே காவலுக்கு வைத்த கதை.

எனவே சரிபார்ப்பு கருவிக்கு வெளியே நடக்க வேண்டும். நம் தலைப்புக்கே வருவோம். மாணவனுக்குக் கருவி கொடுத்த ஒரு வரி: ‘1858ஆம் ஆண்டு குடிமராமத்துச் சட்டம் இம்முறைக்குச் சட்ட அங்கீகாரம் அளித்தது.’ பார்த்தால் நல்ல வரி. ஆண்டும் சரிதான். மூலத்தைத் தேடச் சொன்னேன். பழைய சட்டத் தொகுப்பில் அந்தப் பெயரில் எதுவும் இல்லை. அவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். சட்டத்தின் உண்மையான பெயர் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம், 1858. ‘குடிமராமத்துச் சட்டம்’ என்பது பேச்சு வழக்கு. சட்டத்தின் முகப்பு வாசகமே வெள்ள அழிவைத் தடுக்கக் கட்டாய உழைப்பைப் பெறுவதைச் சட்டப்படி செல்லுபடியாக்குவதையும், பாசன வேலைகளுக்கு வழக்கமான உழைப்பை நடைமுறைப்படுத்துவதையும் பேசுகிறது.

ஒரு பெயரைச் சரிபார்த்ததில் கட்டுரையே திரும்பிவிட்டது. எல்லோரும் தாமாக முன்வந்தார்கள் என்றால் கட்டாயப்படுத்த ஒரு சட்டம் எதற்கு? அரைப் பக்கத்தில் அவன் எழுதிய ‘போகாதவர்களை என்ன செய்தார்கள்?’ என்ற கேள்விக்கு வழி திறந்தது. 2017இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் திட்டத்தைத் தொடங்கியபோது எந்தப் பழமையை நினைவில் வைத்தது என்று அவன் கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தான். நான் அதைப் பத்து நிமிடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேலையாகச் சொன்னால் இவ்வளவுதான்: கருவி தந்ததில் பெயர், ஆண்டு, எண், மேற்கோள், நூல் ஆகிய ஐந்தையும் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு மூலம் பக்க எண்ணோடு வேண்டும். கிடைக்காத வட்டம் கட்டுரையிலிருந்து வெளியேறட்டும். பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் மதுரைத் திட்டமும் இருக்கின்றன, இரண்டும் இலவசம். ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. சென்னைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கன்னிமராவும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும். மற்றவர்களுக்குக் கல்லூரி நூலகர். அவரிடம் போய் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், யாரும் கேட்பதில்லை என்ற ஏக்கத்தில் இருக்கும் மனிதர்.

ஆய்வுக் கட்டுரை என்று கருவி ஒரு தலைப்பைத் தந்தால், அதன் டிஓஐ எண்ணை (ஆய்வுக் கட்டுரைக்குத் தரப்படும் தனி அடையாள எண்) இட்டுத் தேடுங்கள். எண் வேறொரு கட்டுரைக்குப் போனால், அல்லது எங்குமே போகாவிட்டால், அது குறுந்தொகை 417தான்.

படி 5: எழுதுவது நீங்கள், திருத்துவது அது

முதல் வரைவு உங்கள் கையில் இருந்து வரட்டும். இதில் தமிழ்வழியில் படித்து ஆங்கிலத்தில் அசைன்மென்ட் எழுத வேண்டிய பிள்ளைகளின் சங்கடம் எனக்குத் தெரியும். நானும் அந்த வழியில் வந்தவன். கருத்து இருக்கும், ஆங்கிலம் வராது. அவர்களுக்குக் கருவி நியாயமான ஊன்றுகோல் என்றே நினைக்கிறேன், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, தப்பான ஆங்கிலத்திலாவது முதலில் நீங்களே எழுதிவிட வேண்டும். இரண்டு, “திருத்தி எழுது” என்று சொல்லாமல், “பிழைகளைப் பட்டியலிட்டு, ஏன் பிழை என்று தமிழில் சொல், திருத்துவதை நான் செய்கிறேன்” என்று கேளுங்கள். மூன்று அசைன்மென்ட்டுக்குள் அதே பிழைகள் திரும்ப வருவது குறையும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு வேறோர் எச்சரிக்கை. கருவியின் தமிழுக்கு ஒரு வாசனை உண்டு. ‘முக்கியப் பங்கு வகிக்கிறது’, ‘பன்முகத்தன்மை கொண்ட’, ‘இன்றியமையாத ஒன்றாகும்’ என்று மூன்று வரிக்கு ஒரு முறை வந்தால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார். அந்த வாசனையை மறைக்க வழி சொல்வதாக நினைக்காதீர்கள். அந்தச் சொற்கள் எதையுமே சொல்லவில்லை என்பதுதான் சங்கதி. எது, யார், எப்போது என்று போட்டால் அவை தாமாக உதிர்ந்துவிடும்.

கையால் எழுதித் தரச் சொல்லிவிட்டால் ஏஐயைத் தடுத்துவிடலாம் என்று நம்பும் சக ஆசிரியர்கள் எனக்கு உண்டு. கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு இரவு முழுக்க நகலெடுக்கும் பிள்ளைகளும் எனக்கு உண்டு. கை வலிதான் மிச்சம்.

கணினி அறிவியல் மாணவர்களுக்கு ஒரே வார்த்தை: கருவி தந்த நிரலில் ஒரு வரியை அழித்தால் என்ன உடையும் என்று உங்களால் ஓட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாவிட்டால், அந்த நிரல் இன்னும் உங்களுடையது ஆகவில்லை.

படி 6: அடுத்தவர் விவரத்தைக் கொட்டாதீர்கள், தரவைச் சமைக்காதீர்கள்

சமூகப்பணி, வணிகவியல், மேலாண்மை மாணவர்கள் இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள்.

சுய உதவிக் குழுப் பெண்களைப் பேட்டி எடுக்கிறீர்கள். கடன், கணவரின் குடி, வீட்டுச் சண்டை எல்லாம் நம்பிச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பேட்டியைப் பெயரோடும் ஊரோடும் கருவியில் ஒட்டி “சுருக்கிக் கொடு” என்பது அவர்கள் வீட்டுத் திண்ணைப் பேச்சைப் பஸ் நிலையத்தில் ஒலிபரப்புவதற்குப் பக்கத்தில் வரும். அவர்கள் உங்களுக்குச் சம்மதம் தந்தார்கள். ஒரு நிறுவனத்தின் கணினிக்கு அல்ல. பெயர், கைபேசி எண், ஊர், குழுவின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ‘க’, ‘ங’ என்று போடுங்கள். உரையாடல்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அணைக்கும் வசதி பல கருவிகளின் அமைப்புகளில் இருக்கிறது, அதையும் அணையுங்கள். தனிநபர் விவரங்களைக் காக்க இந்தியாவில் 2023இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

இன்னொன்று, புராஜெக்டுக்கு 120 பேரிடம் வினாத்தாள் நிரப்பி வாங்க வேண்டும் என்றால் 120 பேரின் விடைகளையும் கருவியிடமே கேட்டு வாங்கிவிடுவது. ஹாஸ்டல் அறையில் நான்கு நண்பர்கள் நான்கு நிறப் பேனாவோடு உட்கார்ந்து நிரப்பிய பழைய வேலைதான். இப்போது பேனாச் செலவு இல்லை. இதைச் செய்ய நல்ல வழி என்று ஒன்று கிடையாது. 120 கிடைக்கவில்லையா, 34 பேர்தான் கிடைத்தார்களா, 34 என்றே எழுதி, ஏன் என்று ஒரு பத்தி போடுங்கள். எந்த வழிகாட்டி ஆசிரியரும் அதற்காக உங்களை வீழ்த்த மாட்டார்.

படி 7: பயன்படுத்தியதைச் சொல்லிவிடுங்கள்

கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி. ‘ஏஐ பயன்படுத்தப்பட்டது’ என்று ஒற்றை வரியில் முடிப்பது ‘சமையலில் உப்பு போடப்பட்டது’ என்பது போல. எதற்கு, எந்த அளவு என்று சொல்லுங்கள். மாதிரி:

‘இந்தக் கட்டுரைக்கான கேள்விகளை வகுத்துக்கொள்ளவும், ரயத்துவாரி முறை பற்றிய என் புரிதலைச் சோதிக்கவும் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தினேன். ஆங்கில மேற்கோள்களின் மொழிபெயர்ப்பில் அதன் உதவி உண்டு. மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியிருக்கிறேன். கட்டுரையின் வாசகம் என்னுடையது. குறிப்பிட்டுள்ள எல்லா மூலங்களையும் நேரில் படித்தேன்.’

தேதியைச் சேருங்கள், கருவிகள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. கருவியை இணை ஆசிரியராகப் போடாதீர்கள். ஆய்விதழ்களும் அதை ஏற்பதில்லை, காரணம் எளிது: தவறு என்றால் பதில் சொல்ல அதனால் முடியாது.

படி 8: வைவாவுக்கு முன் ஒத்திகை

அறைத் தோழரிடம் தாளைக் கொடுங்கள். அவர் கண்ணை மூடி ஐந்து இடத்தில் விரலை வைக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் தாளைப் பார்க்காமல் இரண்டு நிமிடம் பேசுங்கள். திக்கிய இடத்தை மறுபடி படியுங்கள் அல்லது வெட்டுங்கள்.

ஏஐ எழுதியது என்று சொல்லிவிட்டால்?

முதலில் சில செய்திகள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வேடுகளில் எழுத்துத் திருட்டைப் படிநிலையாகப் பிரிக்கின்றன: 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை; 40 வரை ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும்; 60 வரை ஓராண்டுக்குத் திருத்திய பிரதி தர முடியாது; அதற்கு மேல் பதிவே ரத்து. இது பிற நூல்களோடு உள்ள ஒற்றுமையை அளப்பது. கருவி புதிதாக அடுக்கிய சொற்கள் இதில் 3 விழுக்காடு என்றுகூட வரலாம். ‘ஒற்றுமை குறைவு’ என்ற சான்றிதழைக் காட்டி நான்தான் எழுதினேன் என்று வாதாடாதீர்கள், இரண்டும் வேறு.

‘ஏஐ கண்டறியும்’ மென்பொருள் தனி. அதை எந்த ஆசிரியரும் கண்ணை மூடி நம்பக் கூடாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அவற்றில் சராசரியாகப் பாதிக்கு மேல் ‘இயந்திரம் எழுதியது’ என்று வந்தது. எளிய சொல், எளிய வாக்கியம் என்றால் இயந்திரமாம். நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலம் அதுதான். டெக்சாஸில் ஓர் ஆசிரியர் மாணவர் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடமே கொடுத்து “நீ எழுதியதா?” என்று கேட்க, அது ஆமாம் என்று சொல்ல, வகுப்பின் மதிப்பெண்களே நிறுத்திவைக்கப்பட்டன. நியூயார்க் வழக்கறிஞர் செய்த அதே வேலையை ஆசிரியரும் செய்கிறார், பாருங்கள்.

எனவே உங்கள் மேல் சந்தேகம் வந்தால் கோபத்தோடு போகாமல் கட்டோடு போங்கள். தேதி போட்ட அரைப் பக்கம், நூலகத்தில் எடுத்த குறிப்புகள், வட்டமிட்ட தாள், கருவியோடு நடத்திய உரையாடலின் பிரதி, கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் அதன் திருத்த வரலாறு. அந்த வரலாற்றில் எத்தனை மணிக்கு எந்த வரியை எழுதி அழித்தீர்கள் என்பது வரை தெரியும். மூவாயிரம் சொல் ஒரே நொடியில் வந்து விழுந்திருந்தால் அதுவும் தெரியும். பிறகு, “எந்தப் பத்தியிலிருந்து வேண்டுமானாலும் கேளுங்கள் சார், இங்கேயே சொல்கிறேன்” என்று நீங்களே முன்வாருங்கள். துறைத்தலைவர் முன் வைத்துக் கேட்டாலும் இதே பதில்தான்.

உண்மையிலேயே நகலெடுத்திருந்தால் கட்டைத் தேட வேண்டாம். ஆசிரியர் மென்பொருளின் அறிக்கையை அச்செடுக்கும் முன் அவர் அறைக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். எந்தப் பக்கங்கள் என்று தெளிவாகச் சொல்லி, மறுபடி எழுதித் தர எத்தனை நாள் கிடைக்கும் என்று கேளுங்கள். 417க்கு நான்கு நாள் கிடைத்தது.